கத்தாத கோபம்: நுவார் தெசீரின் கடைசி ஆல்பம்

2001 செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை. பிரான்சில் இசைத்தட்டுக் கடைகள் அன்று காலை கதவைத் திறந்தபோது ஒரு புது ராக் ஆல்பம் விற்பனைக்கு வந்திருந்தது. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் போட்டவர்கள் இரண்டாவது பாட்டிலேயே நெருப்பைக் கேட்டிருப்பார்கள். 'பெருந்தீ' என்று தலைப்பு. எங்கும் தீ பிடித்துவிட்டது, பாபிலோனும் பாரிசும் சரிகின்றன, நியூயார்க், பாய்ந்து வரும் இரோகுவாக்கள் (வட அமெரிக்கப் பழங்குடியினர்) என்று அடுக்கிக்கொண்டே போகிற பாட்டு. பாரிஸ் நேரப்படி மதியம் 2:46க்கு முதல் விமானம் கோபுரத்தில் மோதியது.

தற்செயல்தான். அதைத் தீர்க்கதரிசனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் ஒட்டுதல் இல்லை. அந்த ஆல்பம் செய்யப்பட்ட காலத்தில் காதைத் திறந்து வைத்திருந்த யாருக்கும் புகை வாடை அடித்திருக்கும். 1999 முடிவில் சியாட்டிலில் உலக வர்த்தக அமைப்புக்கு எதிரான கலவரம். 2001 ஜூலை 20 அன்று ஜெனோவாவில் ஜி-8 மாநாட்டுக்கு எதிரான போராட்டத்தில் கார்லோ ஜூலியானி என்ற 23 வயது இளைஞரைக் காவலர் சுட்டுக் கொன்றார். ஆல்பம் வந்தது அதற்கு ஏழே வாரம் கழித்து. (அந்த வரியில் வரும் இரோகுவாக்களைப் பற்றி ஒரு சின்னச் செய்தி: நியூயார்க்கின் வானளாவிகளுக்கு இரும்புச் சட்டம் பூட்டியவர்களில் இரோகுவா கூட்டமைப்பைச் சேர்ந்த மொஹாக் தொழிலாளர்கள் பேர் பெற்றவர்கள். இரட்டைக் கோபுரங்களிலும் அவர்கள் வேலை பார்த்தார்கள். பாடலாசிரியர் அதை நினைத்து எழுதினாரோ இல்லையோ, எனக்கு அந்த வரி வரும்போதெல்லாம் உயரத்தில் உத்தரத்தின் மேல் நடக்கும் ஆட்கள்தான் கண்ணுக்கு வருகிறார்கள்.)

ஆல்பத்தின் பெயர் 'தே விஸாஜ் தே ஃபிகியூர்'. குழுவின் பெயர் நுவார் தெசீர், கருப்பு ஆசை என்று பொருள். பிரெஞ்சு ராக்கில் எனக்குப் பிடித்த ஒரே ஒரு ஆல்பத்தைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். அப்படிச் சொல்லிவிட்டு உடனே ஒரு 'ஆனால்' போட வேண்டியிருக்கும். அந்த 'ஆனால்' பெரியது, ஒரு பெண்ணின் உயிர். அதற்கும் வருகிறேன். முதலில் இசை.

நான் முதலில் கேட்டது மூன்றாவது பாட்டை. 'காற்று நம்மைச் சுமந்து செல்லும்' என்று பொருள்படும் 'லெ வான் நூ போர்த்தெரா'. எனக்கு அப்போது பிரெஞ்சில் வணக்கம் சொல்வதைத் தாண்டி எதுவும் தெரியாது. ஒரே கிதார் சுழற்சி திரும்பத் திரும்ப வருகிறது, அவசரமே இல்லாமல். பாடுகிறவர் குரலை உயர்த்துவதே இல்லை. யாரோ ஒருவர் பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் தனக்குத் தானே பேசிக்கொண்டு வருவது போல இருந்தது. காதல் தோல்விப் பாட்டு என்று முடிவு கட்டிவிட்டேன். இவர்கள்தான் பத்து ஆண்டுகளாகப் பிரான்சின் மிகச் சத்தமான குழுக்களில் ஒன்று, அரசியல் கோபத்துக்குப் பேர்போனவர்கள் என்று பிற்பாடு தெரிந்தபோது நம்பவில்லை. இந்தச் சாந்தத்துக்கும் அந்தப் பேருக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்த ஆல்பம் எனக்குத் திறந்தது.

ஊர் போர்தோ. தென்மேற்கு பிரான்சின் துறைமுகம், ஒயின் வணிகர்களின் நகரம்; ஒரு காலத்தில் அடிமை வணிகத்திலும் சம்பாதித்த நகரம். 1947 முதல் 1995 வரை ஒரே மனிதர், ழாக் ஷாபான்-தெல்மாஸ், அங்கே மேயர். இவ்வளவு அமரிக்கையான ஊரில் ராக் எப்படி முளைத்தது என்றால், தெற்கே மோன்-த-மர்சான் என்ற சிறு நகரம் இருக்கிறது. 1976லும் 1977லும் அங்கே மாட்டுச் சண்டை அரங்கில் பங்க் விழா நடந்தது. 1977இல் இங்கிலாந்தின் பங்க் குழுவான தி கிளாஷ் வந்து வாசித்தார்கள். அந்த அலை ஓய்ந்த கையோடு, 1980இல், போர்தோவில் பள்ளிப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த குழு இது. பெர்த்ரான் கான்தா பாடுவார், பாட்டும் எழுதுவார். செர்ஜ் தேசோ-கே கிதார். தெனி பார்த் டிரம்ஸ். பேஸ் கிதாரில் முதலில் ஃபிரெதெரிக் விதாலான்க், 1996 முதல் ழான்-போல் ருவா.

1989இல் ஒரு பாட்டு எதிர்பாராமல் பெரிய வெற்றி பெற்றது. இன்னொரு குழுவாக இருந்தால் அதே அச்சில் பத்துப் பாட்டு வார்த்திருக்கும். இவர்கள் அடுத்த ஆல்பத்தை வேண்டுமென்றே கரடுமுரடாகச் செய்தார்கள். அதற்கும் அடுத்ததாக, 1992இல், 'தோஸ்தாக்கி' வந்தது. 'எல்லாம் இங்கேதான் இருக்கிறது' என்ற ஸ்பானிய வாக்கியத்தை நசுக்கிச் செய்த சொல் அது. அமெரிக்காவின் ஃபுகாஸி குழுவுக்குத் தயாரிப்பாளராக இருந்த டெட் நைஸ்லி தயாரித்தார். அதைக் கேட்டால் ஒரு மணி நேரம் சுவரில் முட்டிக்கொண்டது போல இருக்கும், நல்ல அர்த்தத்தில்.

1995 ஜூனில் தூலோன், ஒரான்ஜ், மரின்யான் ஆகிய மூன்று தெற்கத்திய நகராட்சிகளைத் தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணி பிடித்தது. அந்த ஆண்டு முடிவில் ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்து ரயில்கள் வாரக்கணக்கில் நின்றன. 1996இல் வந்த இவர்களுடைய '666.667 கிளப்' இந்த இரண்டின் சூட்டில் பிறந்த ஆல்பம். அதில் ஒரு பாட்டு அந்தக் கட்சியின் பெயரைச் சுருக்கெழுத்திலேயே சொல்லித் திட்டுகிறது. இன்னொரு பாட்டு, 'அவசரக்காரன்', ஊடகமும் பணமும் கையில் வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதன் தன் வாயாலேயே பீற்றிக்கொள்வது போல அமைந்தது.

அந்தப் பெரிய மனிதன் நாலே ஆண்டில் அவர்களுடைய முதலாளியாகவே வந்து சேர்ந்தான் என்பதுதான் வேடிக்கை. இந்தக் கதை கொஞ்சம் சுற்றி வருகிறது. 1853இல் பிரான்சில் குடிநீர் வழங்குவதற்கென்று ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு தண்ணீர் விற்றுக் கொழுத்த அந்த நிறுவனம் 1998இல் விவெந்தி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ழான்-மரி மெசியே என்ற தலைவர் அதை உலக ஊடகப் பேரரசாக்கப் புறப்பட்டார். 2000இல் கனடாவின் சீகிராம் நிறுவனத்தை வாங்கினார். அதோடு யூனிவர்சல் ஸ்டூடியோவும் யூனிவர்சல் மியூசிக்கும் வந்தன. யூனிவர்சல் மியூசிக்கின் மூலையில் பார்க்லே என்ற பிரெஞ்சு இசைத்தட்டு லேபிள் இருந்தது. பார்க்லேயின் கைவசம் நுவார் தெசீர் இருந்தது. அப்படியாக, உலகமயத்தை எதிர்த்துப் பாடும் குழுவின் ஒவ்வொரு தட்டும் உலகமயத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றின் சரக்காகிவிட்டது. எவ்வளவு உரக்கக் கத்துகிறார்களோ அவ்வளவு நன்றாக விற்கும். விற்ற காசு போகும் இடம் தெரியும்.

இந்த ஆல்பத்தின் துயரம் இங்கிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு. களைத்துப்போனவர்களின் துயரம் என்று நினைத்தால் தப்பு. எதிரியின் கட்டடத்துக்கு உள்ளேயே நின்று பேசுகிறோம், நாம் பேசுவதையும் அவன்தான் பொட்டலம் கட்டி விற்கிறான் என்று தெரிந்தவர்களின் துயரம். அப்படித் தெரிந்தபின் சத்தம் போடுவதில் என்ன அர்த்தம்? குரலைத் தாழ்த்தினார்கள். கோபத்தைக் குறைக்கவில்லை.

தாழ்த்துவதற்கான கருவிகளும் அதற்குள் கைக்கு வந்திருந்தன. 1998இல் தங்கள் பாடல்களை மற்ற இசைக்கலைஞர்களிடம் கொடுத்து உடைத்துச் சேர்க்கச் சொன்னார்கள். இசையமைப்பாளர் யான் தியெர்சன் போன்றவர்கள் அதில் பங்கெடுத்தார்கள். தங்கள் பாட்டு டிரம்ஸ் இல்லாமலும் உயிரோடு இருக்கும் என்று அப்போது அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். கிதார்காரர் தேசோ-கே 2000இல் தனியாக ஓர் ஆல்பம் வெளியிட்டார்: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சிறைமுகாமில் கிடந்த ஜார்ஜ் ஈவெர்னோ என்ற எழுத்தாளரின் உரைநடையை எடுத்து, பாடாமல், பேசி, அடியில் இசை. அப்புறம் நிக் சன்சானோ. ராக் குழுவான சோனிக் யூத்தோடும் ராப் குழுவான பப்ளிக் எனிமியோடும் வேலை பார்த்த அமெரிக்க ஒலிப்பொறியாளர். இந்த ஆல்பத்தின் தயாரிப்பில் அவர் கை இருக்கிறது. இரைச்சலை அடுக்கத் தெரிந்தவருக்குத்தான் எதை எடுத்துவிடலாம் என்பதும் தெரியும் போல.

இனி மொழி. பிரெஞ்சில் ராக் பாட முடியாது என்பது பிரான்சில் பழைய புகார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசை குத்தி நிற்கும். டிரம்ஸின் அடி அந்தக் குத்தில் போய் விழும். பிரெஞ்சில் அழுத்தம் சொல்லுக்குள் இல்லை, சொற்றொடரின் கடைசியில்தான். அசைகள் சமமாக உருண்டு போய்க் கடைசியில் கொஞ்சம் இழுத்து நிற்கும். அடிக்கிற தாளத்தில் இதை உட்கார வைப்பது கஷ்டம். அதனால் பலர் ஆங்கிலத்தில் பாடினார்கள்; 1996 முதல் வானொலிகள் 40 விழுக்காடு பிரெஞ்சுப் பாட்டு போட வேண்டும் என்று சட்டமே தேவைப்பட்டது. நுவார் தெசீரும் ஆரம்பத்தில் ஆங்கிலத்தையும் ஸ்பானியத்தையும் கலந்து, கத்தியே சமாளித்தார்கள். இந்த ஆல்பத்தில் குரல் இறங்கியதும் ஓர் அதிசயம் நடந்தது. பிரெஞ்சு தன் இயல்பான நடைக்கு வந்தது. தாளம் சொல்லின் பின்னால் வருகிறது. பிரெல், பிராசான்ஸ், ஃபெரே என்று சொல்லுக்கு முதல் மரியாதை கொடுத்த பழைய பிரெஞ்சுப் பாட்டு மரபு ராக்கின் கொல்லைப்புறக் கதவு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது.

நேராகவே வந்தது என்றும் சொல்லலாம். நான்காவது பாட்டு 'ஆயுதங்கள்', லேயோ ஃபெரேயின் கவிதை. 1993இல் இறந்த ஃபெரே கடைசிவரை தன்னை அராஜகவாதி என்று சொல்லிக்கொண்டவர். கவிதையில் ஆயுதங்கள் பளபளக்கின்றன. அடிக்கடி துடைக்க வேண்டும், ஆசையோடு தடவிக்கொடுக்க வேண்டும். அப்படியே நகர்ந்து, ஆயுதம் எழுத்துக்குள்ளும் இருக்கிறது என்று போகிறது. மூன்று நிமிடம்கூட இல்லை. கான்தா அதைக் கிட்டத்தட்ட முணுமுணுக்கிறார். மேடையில் தொண்டை கிழியப் பாட வேண்டிய வரிகளை இப்படிச் சொல்லும்போது கேட்பவருக்கு முதுகு நிமிர்கிறது. பூட்டிய அறைக்குள் துப்பாக்கியைத் துடைக்கிற ஆள் பாட்டா பாடிக்கொண்டிருப்பான்?

தலைப்புக்கு வருவோம். பிரெஞ்சில் முகத்துக்கு 'விஸாஜ்', 'ஃபிகியூர்' என்று இரண்டு சொல். முதலாவது கொஞ்சம் ஏட்டுவழக்கு, நம் 'வதனம்' மாதிரி. இரண்டாவது புழக்கத்துச் சொல். உருவம், வடிவம் என்றும் பொருள் உண்டு. இரண்டிலிருந்தும் வினைச்சொற்கள் பிறக்கின்றன. 'தேவிஸாஜே' என்றால் ஒருவரை வெறித்துப் பார்ப்பது. 'தேஃபிகியூரே' என்றால் முகத்தைச் சிதைப்பது. தலைப்புப் பாடல் முகங்கள், முகங்கள், வெறிக்கின்றன, சிதைக்கின்றன என்று தொடங்கி, 'ஃபிகியூரான்' என்று தாவுகிறது: சினிமாவில் கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர். அவர்கள் அழிக்கப்பட வேண்டியவர்கள். அழிப்பதற்கு 'எஃபாஸே'. அதற்குள்ளும் 'ஃபாஸ்' என்று ஒரு முகம். அங்கிருந்து இசைத்தட்டின் ஏ பக்கம், பி பக்கம். பக்கத்துக்கும் பிரெஞ்சில் அதே 'ஃபாஸ்' தான். காளமேகம் கேட்டிருந்தால் தலையை ஆட்டியிருப்பார். ஆனால் இது வித்தை காட்டும் சிலேடை இல்லை. மனிதர்கள் முகமாகத் தொடங்கி, கூட்டமாகி, அழிக்கத் தக்கவர்களாகி, கடைசியில் விற்பனைச் சரக்கின் ஒரு பக்கமாக முடிகிறார்கள். நாலு வரி. ஒரு அரசியல் கட்டுரை முழுதும் அதற்குள் இருக்கிறது.

காதல் பாட்டு என்று நான் நினைத்த 'காற்று' பாடலுக்கும் இப்போது திரும்பலாம். அதன் கிதாரில் மனு சாவோ இருக்கிறார். 1998இல் 'கிளாண்டெஸ்தீனோ' ஆல்பத்தின் மூலம் ஆவணமற்ற குடியேறிகளின் குரலை உலகெங்கும் கொண்டுபோனவர். வரிகள் புரிந்தபின் பார்த்தால், காற்று சுமந்து போகும் பொருட்களின் பட்டியலில் அணைப்பும் இருக்கிறது, எந்திரத் துப்பாக்கிச் சரமாரியும் இருக்கிறது, அடுத்தடுத்து, ஒரே மூச்சில். கடைசிப் பகுதியில் கடல் மட்டம் ஏறுகிறது. ஏறும்போது ஒவ்வொருவரும் தன் தன் கணக்கைத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாடுகிறவர் மட்டும் தன் நிழலின் குழிவில் அவளுடைய தூசைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். வெள்ளம் வரும்போது கணக்குப் பார்க்கிறவர்கள்! இந்த ஆல்பத்தின் மிகக் கடுமையான அரசியல் வரி, வானொலியில் எல்லோரும் முணுமுணுத்த பாட்டில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிறது.

மற்றதை வேகமாகக் கடக்கலாம். 'லாஸ்ட்' பழைய நுவார் தெசீர், சத்தம் வேண்டுமென்பவர்களுக்கு. 'அடுக்குமாடி வீடு' எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. 'தலைகீழும் நேரும்' என்ற பாடலின் தலைப்பைப் பார்த்ததும் ஆல்பெர் காம்யு 1937இல் அல்ஜியர்சில் வெளியிட்ட முதல் கட்டுரை நூலின் பெயர் நினைவுக்கு வராமல் போகாது. அந்தப் பாட்டுக்குள்ளும் அதே வெயிலும் அதே வெறுமையும். ஆல்பத்தின் மிக அழகான மெட்டு என்று அதைத்தான் சொல்வேன்.

கடைசிப் பாட்டில் மட்டும் கொஞ்சம் உட்கார வேண்டும். 'ஐரோப்பா'. 23 நிமிடத்துக்கும் மேல். பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நானும் முதல் மூன்று தடவை நிறுத்தியவன்தான். இதில் வருபவர் பாடகி பிரிஜித் ஃபோந்தேன், 1939இல் பிறந்தவர். ஆர்ட் ஆன்சாம்பிள் ஆஃப் சிகாகோ என்ற ஜாஸ் குழுவோடு 1969இல் பதிவு செய்த ஆல்பத்தால் பிரெஞ்சுப் பாட்டைக் கலைத்துப் போட்டவர். அவரும் கான்தாவும் மாறி மாறிப் பேசுகிறார்கள். பின்னால் ஹங்கேரியில் பிறந்த ஆகோஷின் சாக்ஸஃபோன் அலறுகிறது, முனகுகிறது. ஐரோப்பாவை 'அன்புள்ள கிழக் கண்டமே' என்று கொஞ்சுகிறார்கள். அதே வாக்கியத்தில் அதிகாரத் திமிர் பிடித்தவளே, முதலாளியே, தொழிலாளியே என்று வசையும் வருகிறது. நடுநடுவே, சாலையில் குழி தோண்டிவிட்டுப் பலகை வைப்பார்களே, அந்தத் தொனியில் ஓர் அறிவிப்பு: தற்சமயம் நாங்கள் ஐரோப்பாவுக்காக வேலை செய்துகொண்டிருக்கிறோம்.

அந்தப் பலகையின் கிண்டல் புரிய வேண்டுமானால் காலத்தைப் பார்க்க வேண்டும். 1992இல், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு வாக்காளர்கள் 51 விழுக்காட்டில் தப்பிப் பிழைக்க வைத்தார்கள். ஆல்பம் வந்து நாலே மாதத்தில், 2002 ஜனவரி 1 அன்று, எல்லோர் பையிலும் யூரோ நோட்டு வந்தது. பிறகு 2005இல் ஐரோப்பிய அரசியல் சாசனத்தை 54.67 விழுக்காட்டினர் வேண்டாம் என்று தள்ளினார்கள். ஆசையும் சந்தேகமும் சம எடையில் நின்ற அந்தப் பத்துப் பதின்மூன்று ஆண்டை எந்தத் தலையங்கமும் இந்த 23 நிமிடம் போலச் சொல்லவில்லை என்பேன். இசையாகச் சொன்னால், இது முடிவே தெரியாத ஒரு விமான நிலையக் காத்திருப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

2002 மார்ச்சில் பிரெஞ்சு இசைத்துறையின் 'விக்துவார்' விருது விழா. சிறந்த ராக் ஆல்பம் விருது இவர்களுக்கு. நேரடி ஒளிபரப்பு. மூன்று மாதம் முன்புதான் மெசியே நியூயார்க்கில் நின்றுகொண்டு, பிரான்ஸ் தன் கலையைச் சந்தையிலிருந்து காத்து வைத்திருக்கும் 'பண்பாட்டு விதிவிலக்கு' செத்துவிட்டது என்று அறிவித்திருந்தார். அதே மெசியே, எங்கள் கம்பெனியில் இப்படிப்பட்ட கலகக்காரர்களும் சுதந்திரமாக இருக்கிறார்கள் பாருங்கள் என்று காட்டிக்கொள்வதும் உண்டு. கான்தா மேடையேறி ஒரு தாளை எடுத்து மெசியேவுக்கு எழுதிய கடிதத்தை வாசித்தார். 'தோழர் தலைமை நிர்வாகி'யே என்று விளி. உன் வித்தைக்கு நாங்கள் ஏமாறவில்லை. ஒரே பூமியில் இருந்தாலும் நாம் ஒரே உலகத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை என்பது சாரம். குரல் அப்போதும் உயரவில்லை. ஜூலையில் மெசியேவை அவருடைய நிர்வாகக் குழுவே வெளியே அனுப்பியது, கடிதத்துக்காக அல்ல, கடனுக்காக. அந்த ஆண்டு விவெந்தியின் நட்டம் 2,330 கோடி யூரோ.

கடிதத்துக்கும் மெசியே போனதற்கும் நடுவே, ஏப்ரல் 21 அன்று, ழான்-மரி லெ பென் 16.86 விழுக்காடு வாக்கோடு அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்குள் நுழைந்தார். 1996இல் இவர்கள் பாட்டில் சுருக்கெழுத்தாக இருந்த கட்சியின் தலைவர். அப்போதைய அதிபர் ஷிராக் 82 விழுக்காட்டில் வென்றார். ஆனாலும் அந்த ஞாயிறு இரவின் அதிர்ச்சி பிரான்சில் பலருக்கு இன்னும் போகவில்லை.

அதுவரை கதை நன்றாகத்தான் போகிறது. இங்கே நிறுத்தினால் ரசிகர்களுக்கு இதமாக இருக்கும்.

2003 ஜூலை 26 நள்ளிரவைத் தாண்டி, லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் ஒரு விடுதி அறையில் பெர்த்ரான் கான்தா தன் துணை மரி திரன்தின்யானை அடித்தார். மரி நடிகை, தன் தாய் நாதீன் இயக்கிய தொலைக்காட்சிப் படத்தில் நடிப்பதற்காக அங்கே இருந்தார். நினைவு திரும்பவே இல்லை. ஆகஸ்ட் 1 அன்று பிரான்சில் இறந்தார். வயது 41. 2004 மார்ச்சில் வில்னியஸ் நீதிமன்றம் கான்தாவுக்கு எட்டு ஆண்டு சிறை விதித்தது. 2007 அக்டோபரில் நிபந்தனையோடு வெளியே வந்தார். 2010 ஜனவரியில் அவருடைய முன்னாள் மனைவி கிறிஸ்தினா ராடி தற்கொலை செய்துகொண்டார். அந்த ஆண்டு நவம்பரில் தேசோ-கே குழுவை விட்டு விலகினார். உணர்வு, மனிதம், இசை எல்லாவற்றிலும் கான்தாவோடு உடன்பாடு இல்லை என்று காரணம் சொன்னார். மறுநாளே குழு முடிந்தது என்று தெனி பார்த் அறிவித்தார்.

அன்று பிரெஞ்சுப் பத்திரிகைகள் பல இதைக் காதல் வெறியில் நடந்த துயரம் என்று எழுதின. கவிஞன், கட்டுக்கடங்காத உணர்ச்சி, விதி என்றெல்லாம் வார்த்தைகள். மரியின் தோழியான பாடகி லியோ தொலைக்காட்சியில் உட்கார்ந்து, இதில் காதல் எங்கே வந்தது, ஒரு ஆண் ஒரு பெண்ணை அடித்துக் கொன்றிருக்கிறான் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அன்றைக்கு அவர் பக்கம் நின்றவர்கள் குறைவு. 2017இல் ஓர் இசை இதழ் கான்தாவை அட்டையில் போட்டபோது நாடே கொதித்தது. லியோ சொன்னது காதில் விழ அத்தனை ஆண்டு பிடித்தது.

கலையை வேறு, கலைஞனை வேறு என்று பார்க்க வேண்டும் என்பார்கள். இந்த ஆல்பத்தில் அது முடியாது. ஏனென்றால் ஆல்பத்தின் முழு பலமுமே அந்தக் குரல் நம்பத் தகுந்தது என்பதில்தான் நிற்கிறது. தாழ்ந்த குரலைக் கட்டுப்பாடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியில் இருக்கும் அதிகாரம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டிய பாட்டுகளில், வீட்டுக்குள் ஒரு ஆணின் கையில் இருக்கும் அதிகாரத்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று இப்போது தேடிப் பார்க்கிறேன். எனக்குக் கிடைக்கவில்லை. முகத்தைச் சிதைக்கும் வினைச்சொல் மட்டும் தலைப்புப் பாட்டில் அப்படியே இருக்கிறது. அதை எழுதியவர் முதலாளியத்தைத்தான் சொன்னார், சரி. ஆனால் என் காது இனி அந்த இடத்தில் வேறு எங்கோ போய்விடுகிறது, தடுக்க முடியவில்லை.

அதே சமயம் தட்டில் இருப்பது அவர் மட்டும் இல்லை என்பதும் நிஜம். ஃபெரே இருக்கிறார், ஃபோந்தேன் இருக்கிறார், ஆகோஷ் இருக்கிறார். பார்த்தின் டிரம்ஸ், அடிக்காமல் விட்ட அடிகளால் ஆனது. தேசோ-கே 2002 சுற்றுப்பயணத்தில் டமாஸ்கஸ் போனபோது காலெத் அல்ஜரமானி என்ற ஊத் (அரபு நரம்புக் கருவி) கலைஞரைச் சந்தித்து, அவரோடு 'இன்டர்சோன்' என்று இருவர் குழுவைத் தொடங்கினார். மின்கிதாரும் ஊதும் பேசிக்கொள்ளும் அந்த இசையில் இந்த ஆல்பத்தின் மிச்சம் நன்றாகவே உயிரோடு இருக்கிறது. 'காற்று' பாட்டை 2010இல் சுவிட்சர்லாந்தின் சோஃபி ஹங்கர் பாடினார். அந்தக் கடல் மட்டம் ஏறும் வரியை ஒரு பெண் குரலில் கேட்பது வேறு அனுபவம். இப்போது யாருக்காவது அந்தப் பாட்டை அறிமுகப்படுத்த வேண்டுமானால் அதைத்தான் அனுப்புகிறேன்.

போன வருடம் அக்கா மகள் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தாள். வீட்டுக்கு வந்திருந்தபோது என் காதொலியில் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டாள். ஆறாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "மாமா, 'தேஃபிகியூர்'னா என்ன?" என்றாள். முகத்தைச் சிதைப்பது என்றேன். பாடுகிறவர் யார் என்று கேட்டாள். யார் என்றும், என்ன செய்தார் என்றும் சொன்னேன். மரியின் பெயரையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பாட்டு முடியும்வரை காதொலியைக் கழற்றவும் இல்லை. முடிந்ததும், "கிதார் வாசிக்கிறவர் பேர்?" என்றாள். சொன்னேன். எழுத்துக்கூட்டிக் கேட்டு, நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டாள்.